ஏழில் நாலாவது

காரைக்காலில் பிச்சை எடுக்கிறவர்களுக்குக் கிழமைக் கணக்கு உண்டு. வெள்ளி மதியம் பள்ளிவாசல், சனி விடியற்காலை திருநள்ளாறு, ஞாயிறு காலை மாதா கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு ரொட்டி கொடுக்கிற வீடுகள் சில இருந்தன. நான் சிறுபிள்ளையாக இருந்த எழுபதுகளில் இந்தக் கணக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். பேரளத்திலிருந்து வரும் ரயிலில் வெள்ளி சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகம் பேர் இறங்குவார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1898இல் போட்ட பாதை அது. வழியில் திருநள்ளாறும் ஒரு ஸ்டேஷன். நளன் குளத்தில் முழுகி எழுந்து, சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டவர்கள் யாருக்காவது எதையாவது கொடுக்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். அந்தக் கையை நம்பி வருகிறவர்கள் வெள்ளி இரவை மார்க்கெட் தாழ்வாரத்தில் கழித்துவிட்டு விடிவதற்குள் மேற்கே நடப்பார்கள்.

அவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் ஊரிலேயே தங்கிவிடுவதும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு திரிந்த கிழவர் ஒருவர் அப்படித் தங்கியவர்தான். எங்களுக்கு அவர் கோணித் தாத்தா. புருஷன் துரத்திவிட்ட பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு மீன் கூடை தூக்கப் போவாள். இரவில் அவளுக்கும் மார்க்கெட்தான் வீடு. இவர்கள் தவிர இன்னொரு கூட்டம் இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் எங்கள் ஊரில் சாராயக்கடை திறந்திருக்கும். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வாஞ்சூர் செக்போஸ்டைத் தாண்டி நடந்தே வருவார்கள். குடித்துவிட்டுத் திரும்பிப் போகத் தெம்பில்லாமல் அரசலாற்றுப் பாலத்து ஓரத்திலும் கடைவாசல்களிலும் கிடப்பார்கள். அவர்களில் வீட்டுக்குப் போகவே போகாதவர்களும் இருந்தார்கள்.

கொடுப்பதைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்கு எடுத்துப் படைத்த புனிதவதியின் ஊர் இது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். மாதா கோயில் தெருப் பிள்ளைகளும் மடியை விரித்துக்கொண்டு ஓடுவோம். மஸ்தான் சாகிபு தர்காவில் கந்தூரி என்றாலும் அப்படித்தான். ஆகவே என் தாத்தா செய்துகொண்டிருந்த காரியம் அக்கம்பக்கத்தில் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. அதை அவர் கணக்கெழுதிச் செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் கச்சேரியில் கணக்கெழுதியவர். 1954 நவம்பர் 1ஆம் தேதி கொடி மாறிய பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதி ஓய்வு பெற்றார். தெருவில் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். தேற்றரவு மாதா கோயிலில் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும், பக்கத்து அறையில் வின்சென்ட் தே பவுல் சபை கூடும். தையற்காரர், பள்ளிக்கூட எழுத்தர், கப்பலில் போய் வந்த ஒருவர், தாத்தா என்று ஒரு பெஞ்சுக்குள் அடங்கிவிடுகிற கூட்டம். செபம், போன வாரக் குறிப்பு வாசிப்பு, யார் யாரைப் போய்ப் பார்த்தோம் என்ற விவரம், கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை மூடிப் பைக்குள் விட்டு மூடியபடியே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியக்கூடாது. பையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிற வேலை எனக்கு வாய்த்தது. அதற்காகவே தாத்தாவோடு போவேன்.

அந்தச் சபையை ஆரம்பித்த ஆளைப் பற்றித் தாத்தா பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்வார். 1833இல் பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபிரெதெரிக் ஓசனாமுக்கு 20 வயது. முந்தின வருஷம்தான் அந்த ஊரைக் காலரா வாரிக்கொண்டு போயிருந்தது. ஒரு விவாதக் கூட்டத்தில், உங்கள் திருச்சபை பழங்காலத்தில் பெரிதாகச் செய்தது இருக்கட்டும், இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறது என்று எதிர்த்தரப்பு மாணவன் கேட்டுவிட்டான். ஓசனாமிடம் பதில் இல்லை. நண்பனும் அவருமாக, குளிருக்கு வாங்கி மிச்சமிருந்த விறகைச் சுமந்துகொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போய் இறக்கினார்களாம். பிறகு ரொசாலி ரென்டு என்ற கன்னியாஸ்திரீ, ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படி உட்காருவது என்று அந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 30 வருஷத்தில் சபை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஓசனாம் 1853 செப்டம்பர் 8ஆம் தேதி, 40 வயதில் காலமானார். செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருநாள். இதில் தாத்தாவுக்கு ஏதோ சொந்தக்காரர் விஷயம்போல ஒரு பெருமை.

சபையின் சட்டப்படி தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். தாத்தாவுக்கு ஜோடி தையற்காரர். போனால் வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது; உட்கார வேண்டும். மார்க்கெட் தாழ்வாரத்திலும் அதே சட்டம்தான். கோணித் தாத்தா ஒரு சாக்கை உதறி விரிப்பார். வெள்ளை வேட்டியோடு தாத்தா அதில் சப்பணமிட்டு உட்காருவார். என்ன ஊர், ஏன் இப்படி ஆனீர்கள் என்ற கேள்வியே வராது. மழை, வாய்க்கால், மத்தி விலை, முட்டிவலி என்று பேச்சு ஓடும். எழுந்திருக்கும்போதுதான் அரிசிப் பை கைமாறும்.

அந்த அரிசி எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து போவது. அப்பாயி இரண்டு வேளையும் உலைக்கு அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். பிடியரிசி. வீட்டில் அரிசி நிறைந்திருந்த மாதமும் ஒரு பிடிதான், கடனுக்கு வாங்கிய மாதமும் ஒரு பிடிதான். போடும்போது சிலுவை போட்டுக்கொள்வாளே தவிர முகத்தில் கருணை எதுவும் பொங்காது; பல நாள் முணுமுணுத்துக்கொண்டே போடுவாள். "குடிச்சிட்டு உளுந்து கெடக்கிறவனுக்கெல்லாம் நான் எதுக்கு அள்ளி வைக்கணும்?" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் பிடி கலயத்துக்குள் போயிருக்கும்.

அதே அப்பாயிதான் ஓர் அலுமினியத் தட்டை எரவானத்தில் சொருகி வைத்திருந்தாள். வாசலில் சோறு கேட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தட்டு. கழுவி அவர்களே சொருகிவிட்டுப் போக வேண்டும். நடையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, வேதக்காரர் வீடு இந்து வீடு என்ற வித்தியாசமில்லாமல்.

ஞானோபதேச வகுப்பில் உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், உடையில்லாதவருக்கு உடை, வீடில்லாதவருக்கு இடம், நோயாளியைப் பார்ப்பது, சிறையில் இருப்பவரைப் பார்ப்பது, இறந்தவரை அடக்குவது. முதல் ஆறும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. ஏழாவது தோபித்து ஆகமத்திலிருந்து வந்து சேர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நாலாவது விரலில் ஒரு சந்தேகம் வந்தது. சோறு கொடுக்கிறோம், துணி கொடுக்கிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இடம் எப்போது கொடுத்தோம்? தாத்தாவிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மத்த ஆறையும் செஞ்சிட்டு நாம நம்ம வீட்டுக்கு வந்துடலாம் பாப்பா. நாலாவதுல அவங்க நம்ம வீட்டுக்கு வந்துடுவாங்க. அங்கதான் இடிக்குது."

உள்ளேயிருந்து அப்பாயியின் குரல் வந்தது. "நாலாவதோ அஞ்சாவதோ, ஆக்கிப் போடறவ நான்."

1977 நவம்பரில் அவர்கள் வந்துவிட்டார்கள்.

தீபாவளி கழிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. அமாவாசை. திருச்சி வானொலி இரண்டு நாளாகவே புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போனவர்கள் கட்டுமரங்களை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். இருட்டும்போது வாடையாகத் தொடங்கிய காற்று, நேரம் ஆக ஆகக் கொண்டலாகத் திரும்பி நேரே கடலிலிருந்து அடித்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி முற்றத்தில் விழுந்து உடைந்தன. தாழ்வாரத்துக் கீற்று முழுசாகப் பறந்து போனது. அரிக்கேனை அணைத்துவிட்டு நாங்கள் கூடத்து மூலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். எத்தனையாவது மணியில் என்று ஞாபகமில்லை, தெருக்கதவை யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

தாத்தா கதவை ஒருக்களித்ததும் காற்று அதை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அறைந்தது. முன்னால் கோணித் தாத்தா. பின்னால் மீன்கூடைக்காரப் பெண்ணும் பிள்ளையும். சனிக்கிழமைக்காக ரயிலில் வந்து இறங்கிய கண் தெரியாத புருஷன் பெண்சாதி. இன்னும் இருட்டில் முகம் தெரியாத நாலைந்து பேர். மார்க்கெட்டில் தகரம் பறக்க ஆரம்பித்ததும் கோணித் தாத்தா எல்லாரையும் ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொல்லி நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். அவருக்கு வழி தெரிந்த கதவு எங்களுடையது ஒன்றுதான். கடைசியாக, கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு, எல்லைக்கு அந்தப்பக்கத்துக் குடிகாரர் ஒருவர்.

நடையில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் வரக்கூடாது என்று அவர்களுக்கே தெரியும். அப்பாயி எழுந்து போனாள். "அங்க ஒழுகுது, உள்ள வாங்க" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அடுப்பு தண்ணீரில் மூழ்கிவிட்டது. சாப்பிட இருந்தது தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு வாத்தியார் குடும்பம் கொடுத்தனுப்பிய பலகாரத் தூக்கு. அதிரசமும் முறுக்கும். அப்பாயி அதிரசத்தைப் பிட்டுப் பிட்டுக் கையில் வைத்தாள். கண் தெரியாத அம்மாள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "பாகு நல்லா வந்திருக்குதும்மா" என்றார். அந்த இருட்டில், கூரை பிய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடிந்தபோது எரவானமே இல்லை. அலுமினியத் தட்டும் போயிருந்தது. தெருவில் வாழை அத்தனையும் சாய்ந்து கிடந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு, இலைக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அளக்க வேண்டிய பிடியரிசிக் கலயத்தைக் கவிழ்த்துக் கஞ்சி வைத்தாள் அப்பாயி. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். யாருக்கு எந்த ஏனம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாகவும் நினைவில்லை.

நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய அந்தப் புயலில் ஐந்நூறுக்கு மேல் இறந்தார்கள்; பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்று பின்னால் படித்தேன். தஞ்சை, திருச்சி வரை உள்ளே போய் அடித்திருக்கிறது. சரியாக அடுத்த சனிக்கிழமை ஆந்திராவில் திவிசீமையை இன்னொரு புயல் விழுங்கியது. அங்கே செத்தவர்கள் பல்லாயிரம். பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. எங்கள் பக்கம் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் அழுகிக்கொண்டிருந்தது.

ஓர் இரவு இடம் கொடுப்பது பெரிய காரியமில்லை; பயத்தில் யாரும் கொடுத்துவிடுவார்கள். வெயில் அடித்த பிறகுதான் நாலாவது தர்மத்தின் கஷ்டம் தெரிந்தது. ஈரப் பாய், ஒரே கக்கூஸ், அழுகிற பிள்ளை. சாராயக்கடைகள் மூடிக்கிடந்ததால் குடிகாரருக்குக் கை கால் உதறல் கண்டது. இல்லாத பாம்பைக் காட்டிக் கத்தினார். தையற்காரர் வந்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ராத்திரி முழுக்க அவரைத் தம் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அப்பாயியின் பித்தளைச் சொம்பு காணாமல் போனது. அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் சோதிக்கக்கூடாது என்று தாத்தா தடுத்துவிட்டார். சொம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. சபைக் கணக்குநோட்டில், செலவுப் பத்தியில், கஞ்சி அரிசிக்கும் விறகுக்கும் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: சொம்பு 1.

பக்கத்து வீட்டு வாத்தியார் ஓடு மாற்ற வந்த இடத்தில் கேலியாகக் கேட்டார். "என்ன முசியே, எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் ஆச்சு?"

"சொம்புக்கு மட்டுந்தான் வாத்தியாரே. அதுதான் தண்ணியில முழுகிப் போச்சு."

வாத்தியார் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி ஊரில் வேறு முகங்களோடும் உலவியது உண்டு என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். ஒருவன் பசியைக் காரணமாக வைத்து அவன் சாமியைப் பிடுங்கக் கூடாது என்பது தாத்தாவின் கட்சி. உதவி கேட்பவரின் மதம் பார்க்காமல் செய் என்பதுதான் சபையின் விதி. தாத்தா இன்னும் ஒருபடி மேலே போய், மதத்தைத் தெரிந்துகொள்ளவே மறுத்தார்.

தண்ணீர் வடிந்ததும் அவர்களே கிளம்பிவிட்டார்கள். கண் தெரியாத தம்பதிக்கு அடுத்த சனிக்கிழமை இருந்தது. மீன்கூடைக்காரப் பெண்ணுக்குச் சபைக்காரர்கள் மாத வாடகையில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார்கள். குடிகாரர் எல்லைக்கு அந்தப்பக்கம் போனார். திரும்பி வந்தாரா, பிழைத்தாரா, தெரியாது. கோணித் தாத்தா மட்டும் எங்கள் திண்ணையில் தங்கிவிட்டார். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவார். அப்பாயிக்கு அதில் ஒரு வேலை மிச்சம்.

சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் அந்தத் திண்ணையிலேயே இறந்துபோனார். கோணிக்குள் ஒரு விபூதிப் பொட்டலம் இருந்தது. தாத்தா அதை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், மூட்டை தூக்குகிற ஆட்களிடம் கொடுத்தார். உங்கள் முறைப்படி செய்யுங்கள், செலவு சபையுடையது என்றார். சங்கு ஊதி, சேகண்டி அடித்து, நெற்றி நிறைய விபூதி பூசித் தூக்கிப் போனார்கள். வெள்ளை வேட்டியோடு தாத்தாவும் தையற்காரரும் ஜோடியாகப் பின்னால் நடந்தார்கள். ஏழாவது தர்மம். அடுத்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, அப்பாயி இறந்தவர் பெயர்களை வரிசையாகச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினாள். மாமனார், மாமியார், தங்கச்சி, திண்ணைக்காரர் என்று வரிசை போனது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை கடல் வந்தது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று எங்கள் மீனவ ஊர்களில் நானூறுக்கு மேல் பறிகொடுத்தோம். அன்றைக்கும் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கோயில், பள்ளிவாசல், சர்ச் என்று கதவுகள் திறந்தன. அன்றைக்கும் கஷ்டம் பிறகுதான் தெரிந்தது, தகரக் கொட்டகையில் வெயில் காய்ந்து மாதங்கள் கடந்தபோது. கான்கிரீட் வீடுகள் வந்தன. கடலால் வீடிழந்தவருக்கு வீடு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. புருஷனால், குடியால், கடனால், கிழத்தனத்தால் வீடிழந்தவர்களைத்தான் எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் நூறு பேர் தங்கும் இடம் வேண்டும் என்றது அரசின் திட்டம். அதே கணக்கெடுப்பில் காரைக்கால் நகரத்தின் மக்கள்தொகை 86 ஆயிரத்துச் சொச்சம். ஒரு தங்குமிடத்துக்கே கொஞ்சம் குறைந்தோம்.

ஊரில் திண்ணைகள் போய்விட்டன. இடித்துக் கட்டிய வீடுகளுக்குத் தெருவரை கேட் வந்துவிட்டது. சோறு கொடுப்பதற்குக் குறைவில்லை. பிறந்தநாளுக்கு நூறு பொட்டலம் வாங்கி மார்க்கெட்டில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். பொட்டலத்தில் இருப்பது சோறுதான். சாக்கை விரித்து உட்காரத்தான் ஆள் வேண்டும்.

இப்போது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அந்த ஏழையும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். போன வருஷம், இதில் உங்கள் வீட்டில் செய்தவை எவை என்று கேட்டேன். சோறு, துணி, ஆஸ்பத்திரி என்று கைகள் உயர்ந்தன. நாலாவதுக்கு ஒருவரும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன் பாதிக் கையைத் தூக்கிவிட்டு இறக்கினான். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

"எங்களுதே வாடகை வீடு டீச்சர். ஒரே ரூமு. யாரையும் சேக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காங்க."

"சரி, உட்காரு."

உட்காரவில்லை. "மழை பெஞ்சா மட்டும் அம்மா மார்க்கெட் ஆயாவைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. விடியறதுக்குள்ள அனுப்பிடுவோம். ஓனருக்குத் தெரியாது."

அந்தப் பையனுக்கு ஏழுக்கு ஏழு போட்டேன்.